காகிதப்பூ வேலி

கிட்வே,
14 செப்டம்பர் 1997

சோலா அப்பாவுக்கு,

கசூபா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? சோல்வேசி மிஷன் ஆஸ்பத்திரியில் தோட்ட வேலையோடு ஓர் அறையும் கொடுத்திருப்பதாக நம் பெண் சோலா சொன்னாள். போன நான்கு வருஷத்தில் அவளுக்கு எட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒன்றுகூட இல்லை. அதற்காகச் சண்டை போட இதை எழுதவில்லை.

எதிர்ப் பூங்காவில் தோட்டக்காரராக இருந்தபோது நீங்கள் வைத்த காகிதப்பூ வேலி இப்போது இரண்டு ஆள் உயரம். உள்ளே குகைபோல வழி விழுந்திருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் அங்கே ஊதா வெளிச்சம் மிதக்கும், தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல இருக்கும். பை பறிக்கிறவர்கள் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். போன செவ்வாய் சாயங்காலம் லவ்னெஸ் அந்த வழியாக வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், நர்ஸ் வேலை பழகுகிறாள். பையைப் பிடித்து இழுத்ததில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இன்று காலை தெருக்காரர்கள் பூங்காவில் கூடினோம். ரயிலில் கார்டாக இருந்தாரே சிமுகோண்டா, அவர் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பூங்காவுக்குத் தெருவிளக்கு வர்றப்போ வரட்டும். முதல்ல வேலியை வெட்டுவோம். இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் ஆள் தெரியணும்" என்றார்.

"அது சிசெங்கா வச்ச வேலியாச்சே. சோலாம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தெம்போ டீச்சர் கேட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவருக்கு எழுதிக் கேக்கறேன்" என்றேன்.

"கேளுங்க, கேளுங்க. பதில் வர்றதுக்கு இன்னொரு நாலு வருஷம் ஆக்கிடாம இருந்தா சரி" என்றார் சிமுகோண்டா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பதில் எழுதுங்கள்.

கசூபா

*

சோல்வேசி,
29 செப்டம்பர் 1997

சோலா அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லவ்னெஸின் கை சீக்கிரம் கூடட்டும்.

வேலியை வெட்டக் கூடாது. கொடி அசைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? சாண் நீளக் குச்சிகளாக நட்டு, கோடையில் தோளில் தண்ணீர் சுமந்து ஊற்றி, பதினோரு வருஷம் வளர்த்தேன். அந்தப் பெண்ணின் கையை முறித்தது வேலியா? ஒரு காவல்காரரைப் போடுங்கள். இருட்டுகிற நேரத்தில் சுற்றிப் போகச் சொல்லுங்கள். சிமுகோண்டாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

நேற்று கனவில் அந்த வேலிக்குள் நடந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நடந்தும் முடியவில்லை. பூக்கள் சத்தமில்லாமல் தலையில் விழுந்தன. வெளியே யாரோ துணி தைக்கும் மெஷின் சத்தம் கேட்டது. வழி தெரியவில்லை, ஆனால் பயமாகவும் இல்லை.

இங்கே எல்லாம் நலம். உனக்கு அந்த இருமல் இன்னும் இருக்கிறதா?

சிசெங்கா

*

கிட்வே,
8 அக்டோபர் 1997

சோலா அப்பாவுக்கு,

இருமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

உங்கள் கடிதத்தை நான் கூட்டத்தில் படிக்கவில்லை. இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காகப் பொய் சொல்வது இது இரண்டாம் முறை. முதல் பொய்யைப் பற்றி உங்களைத் தவிர வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

ஜூலையில் என்னையும் அங்கே மடக்கினார்கள். வேலிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. முகம்கூடத் தெரியவில்லை. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளோடு பை போனது. பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன் என்று தெருவில் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மறுநாளே வேலியை வெட்டியிருப்பார்கள். நீங்கள் விட்டுப்போனதில் ஜன்னலைத் திறந்தால் என் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.

நான் வாயைத் திறந்திருந்தால் லவ்னெஸ் அந்த வழியில் வந்திருக்கமாட்டாள். தினமும் காலையில் கட்டுப் போட்ட கையோடு வாசலில் வந்து நிற்கிறாள். "ஆன்ட்டி, இந்த மேல் பட்டனை மட்டும் போட்டு விடுங்களேன், ஒரு கையால முடியல" என்கிறாள். பட்டன் தைத்தே பிழைக்கிறவள் நான். அந்த ஒரு பட்டன் எனக்கு இரண்டு தடவை நழுவுகிறது.

இப்போது தெருவெல்லாம் ஜகரண்டா மரத்துப் பூ உதிர்கிறது. மேலேயும் ஊதா, கீழேயும் ஊதா. எங்கே காலை வைக்கிறோம் என்றே தெரியாமல் தூக்கத்தில் நடப்பதுபோல நடக்கிறேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் வெட்டத்தான் போகிறோம். ஆனால் வெட்டலாம் என்று உங்கள் கையால் எழுதி வந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

கசூபா

*

சோல்வேசி,
17 அக்டோபர் 1997

கசூபா,

வெட்டுங்கள்.

மழை பிடிப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும். முழங்கால் உயரம் விட்டு வெட்டுங்கள், வேரைத் தோண்ட வேண்டாம். முள் பொல்லாதது. கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல். கிளைகளை உச்சியிலிருந்து இழுக்காதீர்கள், உள்ளிருந்து அறுத்து வெளியே தள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வேலியை அவ்வளவு உயரம் நான் வளர்க்கவில்லை. தொண்ணூற்று மூன்று மார்ச்சில் ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை நிறுத்தினார்கள். கத்தரியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதம், தினமும் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு, நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு போய் அந்த வேலிக்குள் உட்கார்ந்திருந்தேன். வெட்டக் கத்தரி இல்லை, அது பாட்டுக்கு வளர்ந்தது. வளர வளர எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு மாற்றல் என்று பொய் சொல்லிவிட்டு இங்கே பஸ் ஏறினேன்.

உள்ளே இருக்கும் அந்த வழி, நான் தினமும் போய் உட்கார்ந்து எழுந்ததில் உண்டான வழி. அதில் முதலில் ஒளிந்தவன் நான்தான்.

லவ்னெஸிடம் நீ உண்மையைச் சொல்லிவிடு. என்னைப்போல வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

சிசெங்கா

*

கிட்வே,
10 நவம்பர் 1997

சோலா அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும். உங்களுக்கு வேலை போனது அந்த ஏப்ரலிலேயே தெரியும். உங்கள் சீருடையில் வெட்டின புல்லின் வாசனை நின்றுபோயிருந்தது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? கேட்டால் உங்களுக்கு அவமானமாக இருக்கும் என்று சும்மா இருந்தேன். ஒருநாள் நானும் வேலிக்குள் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பூங்கா வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். அது என் தப்பு.

லவ்னெஸிடம் சொன்னேன், பட்டன் போட்டுவிடும்போது. சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் சுத்திப் போயிருப்பேனே, ஆன்ட்டி." அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் ஒன்பது நாள் என் வாசலுக்கு வரவில்லை. கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். சிமுகோண்டாகூடக் கிண்டல் செய்யவில்லை.

போன சனிக்கிழமை வெட்டினோம். உங்கள் கடிதத்தில் வெட்டும் விவரம் இருந்த பாதியை மட்டும் டீச்சர் உரக்கப் படித்தாள். மீதி என்னிடம் இருக்கிறது. இருபத்திரண்டு பேர், கைகளில் சாக்கு. கிளை விழ விழ இதழ்கள் எழும்பி, போக மனமில்லாததுபோல நெடுநேரம் காற்றில் நின்றன. யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு எல்லாம் மெல்ல இறங்கியது. பார்த்தால் அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், மனிதர்கள், ஒரு சைக்கிள். இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று எல்லாரும் அப்படியே நின்றோம். சாயங்காலம் முதல் மழையும் வந்துவிட்டது.

லவ்னெஸும் வந்திருந்தாள். ஒரு கையால் கிளைகளை இழுத்துப் போட்டாள். கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காவல் நம்ம ரெண்டு பேர் முறை. அஞ்சரைக்கு வந்துடுங்க. லேட் பண்ணாதீங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. ஆனால் சேர்ந்துதான் நடந்தோம்.

தினமும் அஞ்சரை முதல் ஏழு வரை இரண்டிரண்டு பேராகப் பூங்காவைச் சுற்றுகிறோம். முறைப் பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. வியாழக்கிழமை தெம்போ டீச்சருக்குத் துணை இல்லை.

"யார் பேரைப் போடறது, சோலாம்மா?" என்று சிமுகோண்டா கேட்டார்.

உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். பென்சிலால்தான்.

கசூபா