நாற்பது நாற்காலியும் நானூற்றுப் பன்னிரண்டு படங்களும்

ஏப்ரல் 14, ஞாயிறு

வீடு வந்து இரண்டு நாள் ஆகிறது. ஏழு மாதம் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தன்னந்தனியாக நடந்து, என்னை நானே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில்! எங்கள் பக்கத்து இன்வர்கார்கில் விமான நிலையத்தில் டங்கன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இளைச்சிட்ட கிளெனிஸ். இங்க மழையே இல்ல, புல்லு வரல," என்றான். இருபத்தொன்பது வருடக் கல்யாணம். பண்ணைக்கு வந்து சேரும்வரை புல்லைப் பற்றியே பேசினான். எண்ணூறு கிலோமீட்டர் நடந்தவளிடம் புல்லு!

ஏப்ரல் 15

சமையலறையை அடியோடு மாற்றி வைத்திருக்கிறான். டின் ஓப்பனரைத் தேடி ஏழு இழுப்பறை திறந்தேன். "உன்னையே கண்டுபிடிச்சவளுக்கு இது கிடைக்கலியா?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. அது அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது. அங்கே தொங்குவதுதான் வசதி. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஏப்ரல் 17

இதுவரை என் பயணத்தைப் பற்றி விசாரித்தவர்கள் பதினோரு பேர். பதிலுக்கு நின்றவர் ஒருவர்கூட இல்லை. இன்று கறிக்கடையில்:

"பயணம் எப்படி இருந்துச்சு?"

"அது வந்து... எனக்குள்ள ஏதோ ஒண்ணு—"

"நல்லது, நல்லது. சாப்ஸ் எத்தனை போட?"

ஆறு வாங்கினேன்.

ஏப்ரல் 18

விடிந்ததும் புல்வெளியில் வெறுங்காலோடு மௌன நடை. பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலியோரம் வரிசைகட்டி நின்று என்னையே பார்த்தன. டங்கன் ஜன்னலைத் திறந்து, "தீனி கொண்டாந்திருக்கன்னு நெனைக்குதுங்க. ஒண்ணு தீனியப் போடு, இல்ல உள்ள வா!" என்று கத்தினான். உள்ளே வந்தேன். காலில் முள்.

ஏப்ரல் 20

தீர்மானித்துவிட்டேன். ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னால் வேலைக்காகாது. ஊர் ஹாலில் பயணப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டப் போகிறேன். ஹால் சாவி என் தோழி ஷோனாவிடம். பதிவேட்டைப் புரட்டினால் எல்லா வெள்ளியும் நிரம்பிக் கிடக்கிறது, மே மூன்று மட்டும் காலி. என்ன அதிர்ஷ்டம்!

ஷோனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மூணாந்தேதியா? நெசமாவா?"

"நெசமாத்தான்."

"தைரியம்தான்டி உனக்கு."

என் தைரியத்தை ஒருத்தியாவது கவனித்தாளே.

ஏப்ரல் 24

தபால் கடை வாசலில் போஸ்டர் ஒட்டினேன். 'ஆளுக்கொரு தட்டு பலகாரத்துடன் வருக.' இரண்டு பேர் நின்று படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். நல்ல வரவேற்பு இருக்கும் போலிருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்னைக்கு ஆட்டுத்தொடை ரோஸ்ட் அவனே செஞ்சான். இருபத்தொன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் என் வேலை. அடுப்புப் பக்கம் போனா, "நீ உக்காரு, நான் பழகிட்டேன்"கிறான். தின்னு பார்த்தேன். பாவி, என்னுதவிட நல்லா இருக்கு.

நான் இல்லாம இந்த வீடு ஜோராத்தான் ஓடியிருக்கு. அப்ப நான் எதுக்கு? என்னைக் கண்டுபிடிச்சேன், சரி — கொண்டாந்து எங்க வெக்கிறது? இவன் பக்கத்துல எனக்கு இன்னும் இடம் இருக்கா இல்லையா? கேக்கவும் பயமா இருக்கு. 'இருக்கு'ன்னு சொல்ல அவன் ஒரு நிமிஷம் யோசிச்சாக்கூட நான் செத்தேன்.

மே 1

"வெள்ளிக்கிழமையேவா வெச்சிருக்க?" என்றான் டங்கன்.

"ஆமா. வருவ இல்ல?"

தொப்பியை எடுத்துக்கொண்டான். ஆடு பார்க்கப் போய்விட்டான். ஆடு பார்க்க ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

மே 3, வெள்ளி, ஹாலில்

ஏழு மணிக்கு ஆரம்பம். இப்போது ஏழு இருபது. நாற்பது நாற்காலி, ஒரு ஈ காக்கை இல்லை.

வெளியே வண்டி வண்டியாகப் போகிறது. எல்லா வண்டியிலும் நாய், பீர்ப்பெட்டி, மூட்டை நிறைய பிளாஸ்டிக் வாத்து.

அய்யய்யோ.

நாளைக்கு மே மாதத்து முதல் சனி. வாத்து வேட்டை தொடங்கும் நாள்! இந்த ஊரில் அன்றைக்குக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். செத்தவர்களையே திங்கட்கிழமை வரை காக்க வைப்பார்கள். அந்தத் தேதியில் கல்யாணம் வைத்த சித்தப்பா மகளோடு நானே ஆறு வருடம் பேசவில்லை! பிறந்து வளர்ந்த ஊர். எப்படி மறந்தேன்?

ஷோனா ஒரு தட்டு சீஸ் ரோலை வைத்துவிட்டு, "நான்தான் சொன்னேனே தைரியம்னு," என்று ஓடிவிட்டாள். அவள் வண்டியிலும் நாய்.

அதே இரவு, வீட்டில்

ஏழரைக்குக் கதவு திறந்தது. டங்கன். வேட்டைக்காரச் சட்டை, முகமெல்லாம் கரி, தொப்பியில் ஒரு கட்டு நாணல். முதல் வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்தான்.

"போடு," என்றான்.

நானூற்றுப் பன்னிரண்டு படம். வெளியே அவன் கூட்டாளி பாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனான். டங்கன் திரும்பிப் பார்க்கவே இல்லை. தேவாலயம், மலை, கொப்புளம் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டான். ஒரு பழைய பெஞ்சு வந்ததும், "இதென்ன?" என்றான்.

"பஸ் ஸ்டாண்டு. இங்கதான் என்னைக் கண்டுபிடிச்சேன்."

"இங்கயா?"

"மத்தி மீன் தின்னுக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு கெழவர் என்னென்னமோ கேட்டார். பாஷை புரியல. ஆனா என்கிட்ட ஒருத்தர் இவ்வளவு கேட்டு எத்தனை வருஷமாச்சுன்னு தோணிச்சு. அழுதுட்டேன்."

அவன் நாணலைத் தொப்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினான்.

"அப்ப நானும் ஒண்ணு கேக்கட்டுமா? வர்றியான்னு என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ வரமாட்டன்னு தெரியும்."

"வந்திருக்க மாட்டேன்தான்," என்றான். "கேட்டிருக்கலாம் இல்ல?"

கரி பூசின முகத்தில் கண்ணீர் வந்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. எனக்கு இடம் இருக்கா இருக்கான்னு மூணு வாரமா புலம்பினேனே, போறப்ப அவனுக்கு நான் என்ன இடம் குடுத்தேன்?

வண்டியில் ஏறும்போது, "காலைல மைமைக்கு வர்றியா?" என்றான். குளத்தோரம் நாணல் வைத்து மறைத்த அந்தக் குடிசைக்குள் இதுவரை எந்தப் பெண்டாட்டியையும் அவர்கள் விட்டதில்லை.

மே 4, சனி

ஐந்து மணிக்குச் சேற்றில் உட்கார்ந்தேன். கெட்ட வார்த்தை பேச முடியாமல் பாரியும் மற்ற இருவரும் நெளிந்தார்கள். குளத்தில் மிதக்கவிட்ட பிளாஸ்டிக் வாத்துகளை நம்பி முதல் வாத்துக் கூட்டம் இறங்கும் நேரம் பார்த்துத் தும்மினேன். மொத்தமும் பறந்தது.

"ஸ்பெயின்ல இதத்தான் கத்துக் குடுத்தாங்களா?" என்றான் பாரி. அப்புறம், "சரி, அங்க வாத்து உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்!

சொன்னேன். ஒன்றரை மணி நேரம் சொன்னேன். வாத்து: பூஜ்யம். என்னை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

மே 19

இன்று டங்கனுக்குப் பாஸ்போர்ட் போட்டோ. சிரிக்கக் கூடாதாம். அவனுக்கு அதில் சிரமமே இல்லை. "சும்மா கையில இருக்கட்டும். எங்கயும் வர்றேன்னு சொல்லல," என்றான் மூன்று தடவை.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். வாய் விட்டு, நேராக, முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "நவம்பர்ல என்கூட வர்றியா?"

எழுந்து போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினான்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நடக்கணுமா?" என்றான்.