வலது கண்ணால் பார்த்த ஸ்லைடுகள்

1996 ஜூலை 8, திங்கள்

இன்றும் எனக்கு முன்னாலேயே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் நம்பி சார். ராஜபாளையத்தில் காலேஜ் வாத்தியார். கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. சளி ஸ்லைடைக் கேமரா பார்க்குமாம், டி.பி. கிருமி இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரி லேப்தான் கிடைத்தது. பத்தொன்பது வருஷமாக நான் ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்பில் செய்கிற வேலையை அவர் பெட்டி செய்யப்போகிறது. செய்யட்டும். என் நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டுமா?

கேமராவை மாட்டிவிட்டால் நான் கண் வைக்க இடமில்லை. பதினொரு மணிவரை சும்மா நின்றேன். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள், ரிசல்ட் கேட்டு.

ஜூலை 11

கேள்வி, கேள்வி, கேள்வி. இதைக் கிருமி என்று எப்படி முடிவு செய்தேனாம். பார்த்தேன், தெரிந்தது. அது போதாதாம். நீலத்துக்கு நடுவில் சிவப்பாக இருக்கும் என்றேன். எவ்வளவு சிவப்பு? லேசாக வளைந்த குச்சி மாதிரி என்றேன். எவ்வளவு வளைவு? தெருவில் வருகிற அக்காவை அக்கா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம், மூக்கை அளந்தா?

மத்தியானம் அவர் பெட்டி ஒரு சுத்தமான ஸ்லைடில் இருநூற்றுப் பன்னிரண்டு கிருமி எண்ணியது. அத்தனையும் சாயத் துகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஜூலை 12

கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நாற்பத்தொரு ஸ்லைடு, நிம்மதியாக.

ஜூலை 23

எங்கள் பெரிய டாக்டர் ஞானராஜ் கூப்பிட்டுவிட்டார். நான் ஏற்கெனவே பார்த்து எழுதிய ஸ்லைடுகளில் நூறை நம்பரை மறைத்துக் கொடுப்பார்களாம், மறுபடி பார்க்க வேண்டுமாம். பெட்டியை என்னோடு ஒப்பிடுவதற்கு முன்னால் நான் எவ்வளவு சரி என்று தெரிய வேண்டும் என்கிறார் நம்பி சார். ஐம்பத்தோரு வயதில் எனக்குப் பரீட்சை! டாக்டரும் தலையாட்டுகிறார். அந்த ஆள் சீனி போட்டுப் பேசுகிற பேச்சில் விழுந்துவிட்டார்.

பார்த்துக் கொடுக்கிறேன். ஆனால் நம்பி சாருக்கு இனி லேப் சாவி கொடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

போன வருஷம் நானே 'இருக்கிறது' என்று எழுதிய ஒன்பது ஸ்லைடை இப்போது 'இல்லை' என்று எழுதியிருக்கிறேனாம்.

சாயம் வெளுத்திருக்கும் என்றேன். நம்பி சார் அதில் ஒன்றைக் கேமராவுக்குக் கீழே வைத்து, கேமரா படம் தெரிகிற டி.வி.யைப் போட்டார். சிவப்புக் குச்சிகள். நாலு, ஐந்து. சந்தேகமே இல்லை. கேமராவைக் கழற்றச் சொல்லி, ஸ்லைடை நகர்த்தாமல் அதே இடத்தை மைக்ராஸ்கோப் குழாய் வழியே பார்த்தேன். வெறும் நீலம். அதுவும் அழுக்கு நீலம். உங்கள் டி.வி. பொய் சொல்கிறது என்று சத்தம் போட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, குழாய்ல எந்தக் கண்ணால பாப்பீங்க? அந்தக் கண்ணால மட்டும் டி.வி.யப் பாருங்க."

இடது கண்ணைப் பொத்தினேன். டி.வி. முழுக்கக் காபித் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. குச்சி ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 3

வலது கண்ணில் புரை. ஒரு வருஷமாகவே இருக்கலாம் என்கிறார் கண் டாக்டர். இரண்டு கண்ணும் திறந்தே நடமாடினால் எப்படித் தெரியும்? ஆனால் எனக்கு? கண்ணை வைத்துப் பிழைக்கிறவளுக்கு?

ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்கு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்?

ஆகஸ்ட் 5

'இல்லை' என்று எழுதியதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். 'இருக்கிறது' என்று எழுதியதைப் பத்திரமாக வைப்போம். 'இல்லை' என்று எழுதியதை மூன்று மாதத்தில் கழுவிவிடுவோம். அதனால் மூன்று மாதத்து ஸ்லைடுகள்தான் மிச்சம். டாக்டரோ, சுகமாகாதவர்கள் எப்படியும் திரும்பி வருவார்கள், ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார்.

"வர மாட்டாவ டாக்டர். இல்லன்னு நாமதான எழுதிக் குடுத்தோம். பொறவு எதுக்கு வருவாவ?"

அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. சரி, பாருங்கள் என்றார்.

ஆகஸ்ட் 20

முடிந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஸ்லைடு, எல்லாம் டி.வி.யில். நம்பி சார் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு பதினைந்து நாளாக ஸ்லைடு நகர்த்துகிறார். அவருடைய புரொபசர் போனில் திட்டுவது எனக்கே கேட்கிறது. இந்த மனுஷனுக்கா சாவி தர மாட்டேன் என்றேன்?

நான் 'இல்லை' என்று எழுதியதில் ஏழு பேருக்கு இருக்கிறது. ஏழு பேருக்கும் தபால் போட்டோம்.

ஆகஸ்ட் 24

ஆறு பேர் வந்துவிட்டார்கள். மருந்து ஆரம்பித்தாயிற்று. கூமாப்பட்டி சுடலையம்மாள், வயது 32, வரவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கூமாப்பட்டி பஸ் ஏறினேன்.

சுடலையம்மாள் போன மாதம் இருபத்தெட்டாம் தேதி இறந்துவிட்டாள்.

புருஷன் கருத்தையா, தென்னந்தோப்பில் கூலி வேலை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என் தபால் பிரிக்காமல் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த ரிசல்ட் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"மருதைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா. சீட்டுல இல்லன்னு இருக்கே, எதுக்கு அலையணும்னு நாந்தான் சொன்னேன்."

மூன்று தடவை சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"ஒங்க மேல தப்பு இல்ல. அந்தச் சீட்ட எழுதுனது நாந்தான். என் கண்ணு கெட்டுப்போச்சு, எனக்கே தெரியல. இருந்தத இல்லன்னு எழுதிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவருக்கும் இருமல் இருக்கிறதாம், மகளுக்கும் இருக்கிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். என்னிடம்.

ஆகஸ்ட் 27

இரண்டு பேரும் வந்தார்கள். நான் சாயம் மட்டும் போட்டேன். எனக்குப் பதிலாக விருதுநகரிலிருந்து வரவழைத்த லேப் டெக்னீஷியன் இருதயம்தான் பார்த்தாள். மகளுக்கு இல்லை. அவருக்கு இருக்கிறது. இன்றே மருந்து.

அக்டோபர் 14

மதுரையில் கண் ஆபரேஷன். இந்தக் கட்டோடு எழுதினால் எழுத்து மேலே போகிறது. போகட்டும்.

டிசம்பர் 9

நம்பி சார் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டதாம். பெட்டி நூற்றுக்கு நாற்பது தப்பு செய்கிறது, இது உதவாது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். எனக்குத்தான் எரிச்சலாக வருகிறது. இனி அதே பெட்டியை வைத்து மில் துணியில் ஓட்டை கண்டுபிடிக்கப் போகிறாராம். கேமராவை எடுத்துப் போக வந்தவர் டி.வி.யை விட்டுவிட்டுப் போனார்.

1997 பிப்ரவரி 26, புதன்

கருத்தையாவுக்கு ஆறு மாத மருந்து முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனைக்கு வந்தார். நீலம் இப்போது எனக்கு நீலமாகவே தெரிகிறது. நான் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி மடித்தேன். இருதயம் தனியாகப் பார்த்து எழுதினாள். இப்போது எல்லாருக்கும் இப்படித்தான். இரண்டிலும் 'இல்லை'.

சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொரு தரம் பாத்துச் சொல்லுதீகளா?"

மணி ஒன்று. வெளியே இன்னும் பதினாறு பேர். அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்லைடை மறுபடி வைத்து, முதல் ஓரத்திலிருந்து பார்த்தேன்.