சீட்டுக்கு அடியில் இருந்த துப்பாக்கி

செப்டம்பர் 7, சனி

அம்ப்ரோஸ் வந்துவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு வந்தவர் பதினொன்றரை வரை என் சமையலறையில் உட்கார்ந்து, நான் பொரித்து வைத்த ஸ்கிராப்பிள் இறைச்சி நாலு துண்டையும் தின்று, இரண்டு கோப்பை காப்பி குடித்து, என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினார். எதிர் வீடு. பஸ் டிப்போ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் புருஷன் ஓடெல் இறந்து ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் இதுதான். அவர் வராத வாரங்களில் நான் வாய் திறப்பது டிவியைத் திட்டுவதற்கு மட்டும்.

போன வாரக் கடைசியில் மேற்கு பிலடெல்பியாவில் மட்டும் ஆறு பேரைச் சுட்டிருக்கிறார்கள். அதனால் சண்டைக்குத் தலைப்பு தேட வேண்டியிருக்கவில்லை.

"துப்பாக்கி தானா எந்திரிச்சுப் போய் சுடுதா, வெர்லீன்? வீட்ல அப்பன் இல்ல. அதான் விஷயம். கதவுகிட்ட அப்பன் ஒருத்தன் நின்னா எவன் வெளில போவான்?"

"அப்பன் இல்லாத பிள்ளைங்க எல்லா ஊர்லயும்தான் இருக்கு. கைக்கு என்ன கெடைக்குதுங்கறதுதான் பேச்சு. நம்ம தெருவுல எவன் துப்பாக்கி செய்யறான்? ஒரே ஒரு பட்டறை காட்டுங்க பாப்போம். அப்போ எங்கேருந்து வருது?"

இந்த இடத்தில் அவர் எப்போதும் காப்பியைப் பார்ப்பார். இன்றும் பார்த்தார். நான் ஜெயித்தேன்.

எங்கேருந்து வருது? எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். ஒன்று என் காரிலிருந்து போயிருக்கிறது. ஓடெல் போன பிறகு தனியாக இருக்கப் பயந்து வாங்கியது. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். போன அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்து கிடந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். வெறும் தரை. கண்ணாடி மாற்றுகிறவனைக் கூப்பிட்டேன், போலீஸைக் கூப்பிடவில்லை. தெருவுக்கு நான்தான் பிளாக் கேப்டன், தெருக் காரியங்களுக்கெல்லாம் பொறுப்பாளி. அந்தக் கோடை முழுக்க வீடு வீடாகப் போய்த் துப்பாக்கிக்கு எதிராகக் கையெழுத்து வாங்கியவள். எந்த முகத்தோடு போவது? நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். பதினொரு மாதம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று இரண்டு. ஒருவருக்குத் தோளில், இன்னொருவருக்கு வயிற்றில். இருபத்தெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று படம் சொல்லும், யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்லாது. முன்பெல்லாம் எனக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கொரிண்டா. அம்ப்ரோஸின் மகள். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள். எவனோ எவனையோ சுட்டதில் ஒன்று அவள் தொடையில்.

மத்தியானம் மூன்றரைக்கு என் மேஜைமேல் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகத்தைப் பார்க்காமல் பெயர்ச் சீட்டைத்தான் முதலில் பார்த்தேன். பெட்டவே, கொரிண்டா. முப்பத்து நாலு.

"வெர்லீன் அத்தை, அப்பாகிட்ட மெதுவா சொல்லுங்க. அவருக்கு பிரஷர் இருக்கு."

"நீ மொதல்ல அசையாம படுடி."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினேன். தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. பக்கத்தில் குண்டு, வெள்ளையாக. எத்தனையோ ஆயிரம் பார்த்திருக்கிறேன். இதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீதானா? என்னுடையதா நீ?

செப்டம்பர் 21, சனி

அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் இருக்கிறார். தெரியும்தானே, பிறகு எதற்கு ஒன்பது மணிக்கு ஜன்னலுக்குப் போனாய், வெர்லீன்?

செப்டம்பர் 22, ஞாயிறு

ஹூஸ்டனிலிருந்து ரஷோன் கூப்பிட்டான். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன், அதுவும் என் மகனிடம்.

"அம்மா, வாயத் தொறக்காதீங்க. ஒரு வருஷம் ஆச்சு. ஊர்ல ஆயிரம் துப்பாக்கி சுத்துது, உங்களோடதுதான்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அவனுக்கு வேறு அழைப்பு வந்தது, வைத்துவிட்டான்.

அக்டோபர் 5, சனி

வந்தார். இளைத்துப் போயிருக்கிறார். கொரிண்டாவின் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கிராப்பிளைத் தொடவில்லை. நான் வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தேன், பழையபடி இருக்கட்டுமே என்று.

"நீ ஜெயிச்சுட்டம்மா," என்றார்.

"என்னது?"

"அஞ்சு வருஷமா நீ சொன்னதுதான் சரி. என் பொண்ணுக்கு அப்பன் இல்லியா? நான்தான் கதவுகிட்டயே நிக்கறேனே, என்னாச்சு? துப்பாக்கிதான். எங்கேருந்தோ ஒண்ணு வந்துது."

இத்தனை வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவரோடு மல்லுக்கட்டினேன். இன்று வந்தபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

நகர சபையின் விசாரணைக் குழு பதினாறாம் தேதி நம் பேட்டை விளையாட்டு மையத்துக்கு வருகிறதாம். இந்தச் சுடுதலுக்கெல்லாம் என்ன காரணம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்கப் போகிறார்களாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

"எனக்குப் பேச வராது, வெர்லீன். நீ பேசு. நான் உன் பின்னாடி நிக்கறேன். அந்தச் சனியன ஊருக்குள்ள விட்டவன் எவனோ, அவனுக்கு எப்படித் தூக்கம் வருதுன்னு கேளு."

இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டேன். அதுதான் என் பதில்!

அக்டோபர் 9, புதன்

தெருவைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவதென்று. கொரிண்டா சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். "அத்தை வந்தாச்சு, இனிமே அப்பா என்னை விட்டுட்டு உங்ககிட்ட வம்புக்கு வருவார்," என்று சிரித்தாள். பத்து நிமிடம் வானிலை பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

வந்த வேகத்திலேயே காரை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த இளைஞன் எல்லாம் எழுதிக்கொண்டான். பழைய ரசீதிலிருந்த துப்பாக்கியின் வரிசை எண்ணையும் கொடுத்தேன். திருட்டுப் போன தேதி சொன்னதும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"ஒரு வருஷம் ஆகுதேம்மா."

"ஆமாப்பா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மறுபடி எழுத ஆரம்பித்தான்.

அக்டோபர் 16, புதன்

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு கட்சிக்காரர் துப்பாக்கிக் கடைகள்தான் காரணம் என்றார். மற்றக் கட்சிக்காரர், பிடிபட்டவனை மறுநாளே வெளியே விடும் அரசு வக்கீல்கள் என்றார். ஒரு பேராசிரியை மூடிய பள்ளிக்கூடங்களையும் காலி மனைகளையும் வரைபடத்தில் காட்டினார். பாஸ்டர், வீடுகளில் ஜெபம் நின்றுவிட்டது என்றார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சொன்னபடி அம்ப்ரோஸ் கோட்டு போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என் பேரு வெர்லீன் டாஸ்கர். துப்பாக்கி எங்கேருந்து வருதுன்னு நான் பல வருஷமா கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணு என் கார்லேருந்து போச்சு. போன வருஷம் அக்டோபர்ல. சீட்டுக்கு அடியில வெச்சிருந்தேன், திருடிட்டாங்க. மானம் போயிடுமேன்னு யார்கிட்டயும் சொல்லல. போன வாரம்தான் போலீஸ்ல சொன்னேன். அது இப்போ யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியாது."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும்மா," என்றார் தலைவர்.

"வேற ஒண்ணும் இல்லீங்க."

திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

முன்னாடியே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷனைக் கோட்டு போட வைத்து, முந்நூறு பேர் எதிரே நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேனே. ஏன் அப்படிச் செய்தே வெர்லீன்? பயந்தாங்கொள்ளி. வேற என்ன.

அக்டோபர் 19, சனி

வரவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

தெருக் கூட்டம் நாலு வீடு தள்ளி இருக்கும் யூனிஸ் வீட்டில் நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்ததும் யூனிஸே வந்து, "யாரும் உன்ன தப்பா நெனைக்கல, ஆனா கேப்டனா இனி நீ இருந்தா நல்லா இருக்காது பாரு," என்றாள். தெரு விழா நாட்களில் தெருவை மூடுவதற்கான அனுமதிச் சீட்டுகளையும் துடைப்பங்களையும் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 28, திங்கள்

தேர்தல் நெருங்குகிறது. தபால் பெட்டியில் இரண்டு துண்டுப் பிரசுரம். இரண்டிலும் அன்று மண்டபத்தில் எடுத்த என் படம்! ஒன்றில், "துப்பாக்கிகள் எப்படி வருகின்றன? ஒரு நர்ஸின் கண்ணீர்." நான் நர்ஸும் இல்லை, அழவும் இல்லை. இன்னொன்றில், "உங்களுக்குச் சட்டம் சொல்ல வருகிறவர்களின் லட்சணம் இதுதான்." ஒரே படத்தைத்தான் இருவரும் போட்டிருக்கிறார்கள், வாய் பாதி திறந்தபடி. ஓடெல் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தனியாகச் சிரித்துப் பார்த்தேன். சரிப்படவில்லை.

நவம்பர் 2, சனி

ஒன்பது மணிக்குக் கதவு தட்டினார்கள். ஓடினேன். கொரிண்டா, கக்கத்தில் ஊன்றுகோல்.

"உங்களோடதா அத்தை?"

"தெரியலடி."

"தெரிஞ்சா சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"அப்பா உங்க பேரையே எடுக்க மாட்டேங்கறார். சனிக்கெழம ஆனா கராஜுக்குள்ள போய் உக்காந்துக்கறார், ரிப்பேர் பண்ண அங்க ஒண்ணும் இல்ல." உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் பிடித்துக்கொள்ளப் போனபோது, தானே போய்க்கொள்வேன் என்றாள். அந்தச் சின்னத் தெருவைக் கடக்க அவளுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

நவம்பர் 14, வியாழன்

டிடெக்டிவ் கெவ்லின் போன் செய்தார். பக்கத்து ஊரில் ஒரு காரைச் சோதித்தபோது என் துப்பாக்கி கிடைத்திருக்கிறது. நான் கொடுத்த வரிசை எண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். அதைச் சுட்டுப் பார்த்து, தோட்டா உறைகளை ஒப்பிட்டுவிட்டார்கள்.

கொரிண்டாவைச் சுட்டது அது இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஜூன் பதினொன்றாம் தேதி நடந்த ஒரு கொலையோடு பொருந்துகிறது. டேரியன் அப்ஷர், இருபத்தாறு வயது, கிடங்கில் சுமை ஏற்றுகிறவர். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். இன்று அதை எழுதக் கை வரவில்லை.

ஜூன் பதினொன்று நான் வேலையில் இருந்தேன். இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். "இன்று நாலு படம். வெயில் தாங்கவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

ஒன்பது மணிக்கு அம்ப்ரோஸ்! கையில் பிரெட்செல் ரொட்டிப் பொட்டலம். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நம்மளோடது இல்லியாமே, வெர்லீன்! டிடெக்டிவ் கொரிண்டாகிட்ட சொல்லிட்டாங்க. நம்மளோடது இல்ல!"

கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காப்பி வைத்தேன். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்கு மேலாக நான் தொடாத நாற்காலி. கராஜில் குளிர் தாங்கவில்லை என்றார், யூனிஸ் கேப்டனானதிலிருந்து தெருவே குப்பை என்றார். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பிரெட்செல்லைப் பிய்த்து எனக்கொரு பாதி வைத்தார்.

"அந்த இன்னொரு பையன்தான் பாவம். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தத் தெரு மூலைல அவனுக்கு அந்நேரத்துல என்ன வேலை? சின்ன வயசுலேருந்தே அப்பன்னு ஒருத்தன் இருந்திருந்தா..."

"அம்ப்ரோஸ்."

"என்னம்மா?"

"அப்பா இருக்கார். மாசாமாசம் மொத திங்கக்கெழம டிடெக்டிவுக்கு போன் பண்ணி, ஏதாவது தெரிஞ்சுதான்னு கேக்கறாராம். ஒரு மாசம்கூட விட்டதில்லியாம்."

கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார்.

"நம்ம வயசு இருக்குமா?"

"இருக்கும்."

பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். சண்டை போடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

டிடெக்டிவ் கெவ்லினைக் கூப்பிட்டு, அடுத்த முறை டேரியனின் அப்பா கேட்கும்போது என் பெயரைச் சொல்லுங்கள், நம்பரையும் கொடுங்கள் என்றேன். "நீங்க இதைச் செய்யணும்னு கட்டாயம் இல்லீங்க," என்றார். தெரியும் என்றேன். ரஷோனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

மாதத்தின் முதல் திங்கள், அந்த அப்பா போன் செய்யும் நாள். லீவு போட்டிருக்கிறேன். எங்கேயும் போகவில்லை. காலையில் அம்ப்ரோஸ் வந்து, "நான் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், எனக்கு வருகிற போன் இது என்றேன்.

பத்தேகாலுக்கு டிடெக்டிவ் கூப்பிட்டார். "சொல்லிட்டேங்க. உங்க நம்பர எழுதிக்கிட்டார். ஒரு தடவ திருப்பிப் படிச்சுக் காட்டினார். வேற எதுவும் பேசல."

மணி நாலாகிறது. போன் இன்னும் அடிக்கவில்லை.

நான் வீட்டில்தான் இருக்கிறேன்.