நாற்றுக்கு விரிக்காத துண்டு

அண்ணே,

இன்று காலை உங்கள் காட்டில், பாத்தி மேல் விரிக்கும் வெள்ளி நிற ஷீட் ரோலைப் பிரித்தேன். புது பிளாஸ்டிக்கின் காட்டமான வாடை மூக்கில் ஏறியது. மறுமுனையைப் பிடித்திருந்தது அக்கா, உங்கள் மனைவி. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் தனியே தக்காளி போடும் முதல் பருவம் இது. ஷீட்டை இழுத்துக்கொண்டே கேட்டார்: "போன தடவ இவரு எங்க தப்புப் பண்ணுனாருங்க சார்? சொன்னீங்கன்னா அதைப் பண்ணாம இருப்பேன்."

காதில் விழாத மாதிரி குனிந்து ஷீட் ஓரத்துக்கு மண் தள்ளினேன். பதில் எனக்குத் தெரியும்.

போன வருடம் இதே பாத்தியில் சாமை விதைக்க இருந்தீர்கள். வேளாண்மை படித்த நான்தான் விடாமல், ஷீட் விரித்துத் தக்காளி நடச் சொன்னேன். வெள்ளிப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே. தரையிலிருந்து வெளிச்சம் திருப்பி அடித்தால் வெள்ளை ஈக்குத் திசை குழம்பும், செடியில் இறங்காது, அது பரப்பும் இலைச்சுருட்டை நோயும் வராது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "ஈக்குத் தல சுத்துதோ இல்லையோ, எனக்குச் சுத்துதுங்க சார்" என்றீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "ஏம்ப்பா, எந்த பஸ்ஸுக் கூரையக் கழட்டியாந்தே?" என்று கத்தினார். "நீங்க போற பஸ்ஸுதான் மாமா. இனி நனைஞ்சுட்டே போங்க!" என்றீர்கள். எனக்குச் சிரிக்க நேரமில்லை.

அன்றுதான் நீங்களும் ஒரு கேள்வி கேட்டீர்கள். குழித்தட்டு நாற்றுகள் வீட்டுக்குப் பின்னால், காய்த்து ஓய்ந்த பழைய தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தன. "நாத்துக்கும் ஒரு துண்டு விரிச்சரலாங்களா சார்? ஈ அங்கயுந்தான இருக்குது?" போனிலிருந்து நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பத்து நாள்ல நடப்போற நாத்துக்கு எதுக்கு? வேண்டாம்."

நட்ட பிறகு, மழையில் ஷீட் மேல் தெறித்த செம்மண்ணைத் தினமும் விடியற்காலையில் ஈரத்துணியால் துடைத்தீர்கள். மண் படிந்தால் ஷீட் வேலை செய்யாது என்று நான் சொல்லியிருந்தேன். அப்படியும் இலைகள் கிண்ணம் போலக் குவிந்தன. முதலில் இரண்டு செடி, பிறகு வரிசை வரிசையாக. நான் பாத்தி நடுவில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன்: "ஒழுங்காத் துடைச்சிருந்தா இப்படி ஆகுமா?"

"தொடச்சனுங்க சார்" என்றீர்கள். அவ்வளவுதான். கையிலிருந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். நடாமல் மிஞ்சிய ஒரு தட்டு அங்கே இருந்தது. பாத்தியையே பார்க்காத நாற்றுகள். அத்தனையும் சுருண்டிருந்தன. நோய் இங்கேயே ஏறிவிட்டது என்று அந்த நொடியே புரிந்தது. தட்டைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு பைக்கை எடுத்தேன். "டீ குடிச்சுட்டுப் போங்க சார்" என்று நீங்கள் கூப்பிட்டது கேட்டது.

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த வாரமே மழையில், கொண்டை ஊசி வளைவில் உங்கள் வண்டி சறுக்கியது.

இன்று அக்கா விடவில்லை. "இவரு சரியாத் தொடைக்கலைன்னு ஊரே சொல்லுதுங்க. நெசமுங்களா?"

நிமிர்ந்தேன். "இல்லீங்கக்கா. தப்பு என்னுது. நாத்துக்கு விரிக்கலாமான்னு கேட்டாரு, நான் வேண்டாம்னேன். நோய் அங்கதான் ஏறிச்சு. தெரிஞ்சும் மறைச்சேன்."

ஷீட் முனையை அவர் விடவில்லை. வரப்பில் நின்ற அதே பக்கத்துக் காட்டுக்காரரைக் காட்டிச் சொன்னார்: "எங்கிட்டச் சொன்னா ஆச்சுங்களா? திட்டுனது எங்க கேட்டுச்சோ, அங்க கேக்கோணும்."

வரப்பைப் பார்த்துத் திரும்பி அதே வார்த்தைகளைக் கத்திச் சொன்னேன். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை பஸ் பேச்சு எதுவும் வரவில்லை.

"கத்திய எடுங்க" என்றார் அக்கா. "மொதத் துண்டு நாத்துக்கு."

வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்து நின்ற தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்கி, நாற்று முளைவிட்டிருந்த தட்டுகளைச் சுற்றி அந்தத் துண்டை விரித்துவிட்டுக் கிளம்பினேன். அக்கா டீ குடிக்கச் சொல்லவில்லை. மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உங்கள் குரல்தான்: "தொடச்சனுங்க சார்."

ஆமாண்ணே. தொடச்சீங்க.