மூன்று சாண் ரேடியேட்டர்

அரியலூர்,
வைகாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் மணிமாறனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் குலசாமி துணை. இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைப் போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார். லப்பைக்குடிக்காட்டு நஜீர் பாய் லீவு முடிந்து நாளை மறுநாள் சார்ஜாவில் இறங்குகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா லாரிக்கென்று நீ கார்கோவில் போட்டுவிட்ட ரேடியேட்டர் சௌக்கியமாக இருக்கிறது. லாரியில் இல்லை, கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 'அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி சேந்துடுச்சுடா' என்று அப்பா உன்னிடம் சொன்னது அத்தனையும் புளுகு. நான்கு விரற்கடை அகலம் கூடுதல். கூடாமல் என்ன செய்யும்? நீ வீடியோவில் அகலம் எவ்வளவு என்று கேட்டாய், அவர் லாரி முகத்தைக் கழற்றிவிட்டுக் கையை விரித்து 'மூணு சாண்டா' என்றார், நீயும் கடைக்குப் போய் உன் கையால் மூன்று சாண் அளந்து வாங்கிவிட்டாய். அவர் கை குட்டை, உன் கை முறம். கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், டேப் இல்லாமல் வெளியே போகமாட்டேன் என்று பீற்றிக்கொள்வாயே, அதை எடுத்து நீட்ட என்ன நோவு? இவருக்கு மட்டும் என்ன, இரண்டு வீடு தள்ளி ஆசாரி இருக்கிறார், ஒரு டேப் இரவல் கேட்க வாய் வரவில்லை. அப்பனுக்கும் மகனுக்கும் உலகத்து அளவெல்லாம் உள்ளங்கையில்.

பெட்டி வந்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பெரம்பலூரில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கிற தர்மனிடம் தூக்கிக்கொண்டு போனார். தர்மன் பார்த்துவிட்டு, 'அண்ணே, பழசுல ட்யூபெல்லாம் மக்கிப்போச்சு, இனிமே ஈயம் வச்சாலும் நிக்காது. இந்தப் புதுசும் சேராது. நம்ம வண்டிக்கு உள்ளத வாங்கிப் போட்டுடுங்க' என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? லாரிச் சட்டத்தை வெட்டி அகலப்படுத்தச் சொன்னாராம். செருப்புக்காகக் காலை வெட்டுகிற புத்தி. தர்மன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது பழைய ரேடியேட்டருக்குக் கை வைத்தியம். மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று எவனோ சொன்னானாம், நான் அரைத்து வைத்திருந்த மஞ்சள் தூள் பூராவும் லாரிக்குப் போனது, ஒரு வாரம் எங்களுக்கு வெள்ளைக் குழம்பு. ஓட்டை அடைபட்டதோ இல்லையோ, வாசல் முழுக்க மஞ்சள் தண்ணீர், சடங்கு நடக்கிற வீடு மாதிரி. அடுத்து எம்சீல் பசை வைத்துப் பூசினார், அதுவும் பெயர்ந்து விழுந்தது. கேபினில் ஆள் உட்கார இடமில்லாமல் தண்ணீர்க் கேன்கள். வேறு வாங்குங்கள் என்றால், 'வூட்ல ஒன்னு புதுசா இருக்கையில இன்னொன்னு எதுக்குடி' என்கிறார். வீட்டில் இருப்பது எதற்கு, துணி காயப்போடவா?

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். போன வாரத்துக்கு முந்தின வாரம் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகையில் ரஞ்சன்குடி தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சூடு ஆறாமல் மூடியைத் தொடக்கூடாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிற மனுஷன், சரக்கு கெட்டுவிடுமே என்ற அவசரத்தில் ஈரத்துணியைப் போட்டுத் திறந்திருக்கிறார். கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது, கழுத்திலும் அடித்திருக்கிறது. முகம் தப்பியது நான் செய்த புண்ணியம். இந்தக் கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை மாட்டி, காலர் பொத்தானையும் போட்டுக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்திருந்தாரே, நீகூட 'மாப்ள மாதிரி இருக்கீங்கப்பா' என்றாயே, அந்தச் சட்டைக்குள் இருந்தது கட்டுத் துணி. உனக்குக் கண் எதற்கு இருக்கிறது?

கட்டு மாற்றும்போது அவரை வாய் வலிக்கத் திட்டினேன். கடைசியில், 'எனக்குன்னு அவன் சம்பாதிச்சு அனுப்புன மொத சாமான்டி. அது ஒதவலன்னு அவங்கிட்ட எப்புடிச் சொல்றது' என்றார். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. ஆனால் பயம் போகவில்லை மணி. அதே ஓட்டை ரேடியேட்டரோடு மறுபடி லோடு பேசி வைத்திருக்கிறார்.

அதனால் நீ கூப்பிட்டு, அளவு தப்பு, பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று உன் வாயால் சொல். சேர்ந்துவிட்டது என்று சாதிப்பார், விடாதே. வேறு வாங்கச் சொல்லி அதட்டு, நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு, நீ சொன்னால் ஏறும். நான் எழுதியது தெரிய வேண்டாம். தப்பை ஒத்துக்கொள்ளக் கௌரவம் பார்க்காதே, அந்த வியாதி வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தால் போதும்.

மோர் குடி, வெயிலில் அலையாதே, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப் பிரிக்கிறார்கள், மத்தியானமே வண்டி எடுக்கிறேன் என்கிறார். சனிக்கிழமைக்குள் கூப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அம்மா
லீலாவதி