காற்றுக் குடித்த பம்

என்ரை காத்துக்குடியன் அண்ணைக்கு,

கோபிக்காதேங்கோ. நாளைக்கு உங்கள் ஆட்டைத் திவசம், இன்றைக்கும் இவள் பகிடி விடுகிறாள் என்று உரும்பிராய் முழுக்கச் சொல்லட்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பம் பிழையை நான் பொறுக்கவில்லை, நீங்களும் அப்படிச் செய்யாதேங்கோ.

உங்கள் சைக்கிள் கடையில் நடந்ததுதான். காற்றடிக்கிற பம்முக்குப் புதுத் தோல் வாசர் போட்டீர்கள். கிண்ணம் மாதிரியான அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். தபால்காரர் வேர்க்க வேர்க்க அடித்தும் ரயரில் காற்று ஏறவில்லை. குழாய் வாயில் விரலை வைத்தார். அது விரலை உள்ளே இழுத்துப் பிடித்தது.

“என்ன சின்னராசா, இது காத்தடிக்கிற பம்மோ, காத்துக் குடிக்கிற பம்மோ?” என்று தபால்காரர் கேட்டார்.

அதைக் கேட்டு அன்றைக்கு நான் வைத்த காத்துக்குடியன் என்ற பெயர் கடைசிவரை உங்களை விடவில்லை.

சண்டையால் ஊரில் கரண்ட் இல்லாமல் இது மூன்றாம் வருஷம். நான் அற்றெண்டனாக நிற்கிற சின்ன ஆஸ்பத்திரியில், சளி இழுக்கிற மெசின் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கடைசியாகப் படுத்த கட்டிலுக்குப் பக்கத்திலும் அப்படித்தான் நின்றது. உங்கள் நெஞ்சு கொறகொறத்தது. நான் மெசினைத் தூசு தட்டினேன். உங்கள் பம் ஒரு தெரு தள்ளிக் கடையில் தொங்கியது. ஏன் அண்ணை அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை?

பிறக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் போதுமான, காலால் மிதிக்கிற சின்ன மெசினும் போன மாதம் போனது. அதன் இறப்பர்ப் பையில் ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் ஒட்டு மட்டும்தான் மிச்சம். பாதையை மூடி வைத்திருக்கிறவர்கள் புது இறப்பரை இங்கே வர விடுகிறார்களா? வெள்ளிக்கிழமை காலை டொக்டர் அம்மா கூப்பிட்டார்.

“பரமேஸ், பிறக்கிற பிள்ளையின்ரை தொண்டையிலை தண்ணி நிண்டால் நான் என்னத்தாலை எடுக்கிறது? திங்கட்கிழமையோடை பிள்ளைப்பேற்று வாட்டை மூடுவம்.”

பெற்றோல் இல்லாத ஊரில், வலி கண்டவள் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு எதில் போவாள்? சைக்கிள் கரியரிலா?

மத்தியானமே அண்ணியிடம் கேட்டு உங்கள் பம்மை எடுத்தேன். வாசரைத் தலைகீழாகப் போட்டேன், இந்த முறை வேண்டுமென்றே. இழுத்த காற்றுத் திரும்பாமலிருக்க, பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு சின்ன நாக்கு வெட்டி வைத்தேன். சளி தங்க ஒரு கண்ணாடிப் போத்தல். அதன் மூடி என் பழைய செருப்பின் அடி, நல்லாய்க் கழுவினதுதான். டொக்டர் அம்மாவுக்கு முன்னால் ஒரு கோப்பை கஞ்சியை இழுத்துக் காட்டினேன்.

“உந்த வேலையை ஆர் உமக்குக் காட்டித் தந்தது?”

“என்ரை அண்ணை, டொக்டர். தெரியாமல் காட்டித் தந்தவர்.”

அவர் சிரிக்கவில்லை. “கனக்க இழுத்தால் பிள்ளையின்ரை தொண்டை புண்ணாய்ப் போகும். நான் சொல்லுற அளவுக்கு இழுப்பீரோ?”

இரண்டு நாள் கஞ்சியிலேயே கை பழகினேன். திங்கட்கிழமை வாட்டு மூடவில்லை.

செவ்வாய் காலை ஒரு பெண்பிள்ளை நீலம் பாய்ந்து, சத்தமில்லாமல் பிறந்தது. டொக்டர் அம்மா குழாயைப் பிடித்தார்.

“மெல்ல, பரமேஸ். மெல்ல. இப்ப இழும்.”

மூன்றாவது இழுவையில் போத்தலுக்குள் சளி விழுந்தது. பிறகு அவள் அழுத அழுகை உங்கள் குறட்டையைவிடப் பெரிது. உங்கள் பிழையால் ஒரு பிள்ளை பிழைத்தது, அண்ணை.

இப்போது வாட்டில் யாரும் பம் என்று சொல்வதில்லை. “காத்துக்குடியனைக் கொண்டாங்கோ” என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தோல் காய்ந்தால் இழுக்காது. ஒவ்வொரு காலையும் வாசருக்கு எண்ணெய் பூசுவேன். எண்ணெய் தட்டுப்பாடானால் என் தலை காயட்டும், அது காயாது. தேய்ந்தால் இன்னொன்று வெட்டுவேன். இனி எந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலும் நான் தூசு தட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். இது சத்தியம்.

பெயரை மட்டும் விடச் சொல்லாதேங்கோ.

வாசரைத் தலைகீழாகவே போடுகிற
உங்கள் தங்கச்சி,
பரமேஸ்