பச்சை மட்டும் போடலாம்

அக்டோபர் 9
ரெக்ஸமில் விடாத மழை. மூன்று பழைய கேமராக்களைத் துடைத்து, படமெடுத்து, இணையத் தளத்தில் விற்பனைக்கு ஏற்றினேன். போன வாரம் ஒன்று வாங்கிய ரோலண்ட் எழுதியிருக்கிறான். லென்ஸுக்குள் பூஞ்சையாம். பாதிப் பணம் அனுப்பினால் போதுமாம், கேமராவை அவனே வைத்துக்கொள்வானாம். இல்லையென்றால் ‘நேர்மையான கருத்து’ எழுத வேண்டிவருமாம். என் கடைக்கு மோசம் என்று சிவப்புக் குறி போடுவேன் என்று மிரட்டுகிறான், அவ்வளவுதான்.
அந்த லென்ஸைக் கழற்றித் துடைத்தவள் நான். பூஞ்சையா? என் லென்ஸிலா?

அக்டோபர் 10
என் கணவன் ஐட்வல் டீயைக் கலக்கிக்கொண்டே, “குடுத்துத் தொலைச்சிடு நெரிஸ். கிறிஸ்துமஸ் வருது. சிவப்பு விழுந்தா உன் கடைய யாரு எட்டிப் பாப்பா?” என்றான்.
அவன் பயம் புரிகிறது. முழங்கால் ஆறி அவன் மறுபடி பஸ் ஓட்டும்வரை இந்தக் கடையை வைத்துத்தான் குடும்பம் ஓட வேண்டும். இருந்தாலும் பணிய மாட்டேன். கேமராவைத் திருப்பி அனுப்பு, முழுப் பணமும் வாங்கிக்கொள் என்று ரோலண்டுக்கு எழுதிவிட்டேன்.

அக்டோபர் 16
பெட்டி வந்தது. கேமரா என்னுடையது. லென்ஸ் வேறு! விளிம்பில் பொறித்த எண்ணே வேறு. தன்னிடமிருந்த பூஞ்சை பிடித்த குப்பையை என் தலையில் கட்டிவிட்டான், திருட்டுப் பயல். விற்கும்போது எடுத்த படத்தையும் இந்த எண்ணின் படத்தையும் தளத்துக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 17
பொருள் திரும்பி வந்துவிட்டதால் அவனுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டது தளம். படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாலையில் சிவப்பும் விழுந்தது: “ஏமாற்றுக்காரி, ஜாக்கிரதை.”
நானா? நானா ஏமாத்துக்காரி? வாயில நல்லா வருது —
வாங்குபவர் எந்தக் குறியும் போடலாம். விற்பவர் பச்சை மட்டும்தான் போடலாம். இது ஒரு விதி!

அக்டோபர் 18
பச்சையே போட்டேன். கீழே எழுதினேன்: “ரசனை உள்ளவர். நல்ல லென்ஸைப் பார்த்தால் திருப்பித் தரவே மனம் வராது.”
ஐட்வல் படித்துவிட்டு டீயைச் சிந்திச் சிந்திச் சிரித்தான்.

அக்டோபர் 20
என் வரியை நீக்கிவிட்டார்கள். பச்சைக்குள் வசை எழுதியதற்கு ஒரு வாரம் விற்பனைக்குத் தடை. ஆனால் அந்தப் பச்சை மட்டும் அப்படியே இருக்கிறது. என் கையாலேயே அந்தத் திருடனுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன். புத்தி கெட்ட வேலை.

அக்டோபர் 21
ரோலண்ட் மறுபடி எழுதியிருக்கிறான்: “இன்னொரு லென்ஸ் இலவசமா அனுப்புங்க, சிவப்ப எடுத்துடறேன்.”
இந்த முறை ஐட்வலுக்கே பொறுக்கவில்லை. “லென்ஸ் மூடிகூட அனுப்பாத அந்த நாய்க்கு!”
சிவப்புக்குக் கீழே விற்பவர் ஒரே ஒரு பதில் எழுதலாம். வசையில்லாமல் எழுதினேன்: “திரும்பி வந்தது வேறு லென்ஸ். இரண்டு எண்களின் படமும் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன்.”

நவம்பர் 4
விற்பனை பாதியாகிவிட்டது. ஐட்வல் பப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். கேட்டால் கால் வலிக்கிறதாம்.

நவம்பர் 12
இன்வர்னஸிலிருந்து மோராக் என்பவள் கூப்பிட்டாள். அவளும் பழைய கேமரா விற்பவள்.
“உன் பதிலப் பாத்தேம்மா. அதே ஆளு, அதே பூஞ்சை. பாதிப் பணம் கேக்கறான். என் கடையில இதுவரைக்கும் ஒரு சிவப்புகூட கிடையாது. நீ சொல்லு, என்ன செய்யட்டும்?”
பொய் சொல்ல மனம் வரவில்லை. “வியாபாரம் அடிவாங்கும் மோராக். எனக்கு வாங்கிடுச்சு. ஆனா நான் அவனுக்குப் பணியல.”
அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 19
இன்று மோராக்கின் கடைக்கும் சிவப்பு விழுந்தது. வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன்.